சைனஸ் ஆபரேஷனுக்குப் பின் ஸ்டீராய்டு: சேலம் மெடிக்கல்களில் வாங்குவதில் எது தேறும்?

சைனஸ் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற சீட்டில், குறிப்பாக மூக்கில் சதை வளர்ந்தவர்களுக்கு, மூன்று விதமான ஸ்டீராய்டு இருக்கும். ஒரு மாத்திரை, ஒரு ஸ்ப்ரே, ‘ரெஸ்ப்யூல்’ என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி. கூடவே மூக்கு கழுவும் பாட்டில். நான்கு ரோட்டிலோ செரி ரோட்டிலோ உள்ள மெடிக்கலில் சீட்டை நீட்டினால் எல்லாம் ஒரே பையில் வந்துவிடும். எதை எதற்காக, எந்த வரிசையில் என்பது மட்டும் பையில் வராது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தப் பையில் அதிக நாள் அதிக வேலை செய்வது பாட்டிலும் ரெஸ்ப்யூலும் சேர்ந்த ஜோடி. மாத்திரை சில நாள் விருந்தாளி. வந்த வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். ஸ்ப்ரே நல்ல பொருள்தான், ஆனால் அதன் முறை கொஞ்சம் பின்னால் வருகிறது. சொட்டு மருந்து என்ற பெயரில் அக்கம்பக்கத்தார் சிபாரிசு செய்வதில் பாதி ஸ்டீராய்டே இல்லை, மீதி தேவைக்கு மேல் ஸ்டீராய்டு. (ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடுகிற ஸ்டீராய்டு வேறு குடும்பம். அந்தப் பயத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.)

ஆபரேஷன் சதையை எடுக்கிறது, அடைத்த வாசலைத் திறக்கிறது. அந்தச் சதையை வளர்த்த வீக்க குணத்தை அது எடுப்பதில்லை. அதை அடக்கி வைப்பது ஸ்டீராய்டின் வேலை. ஆபரேஷனுக்கு முன்பு மூக்கை எவ்வளவு கழுவினாலும் மருந்து சைனஸ் அறைக்குள் போகாது. வாசல் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டராவது திறந்திருந்தால்தான் கழுவும் நீர் உள்ளே நுழைகிறது. டாக்டர் திறந்து கொடுத்திருக்கும் அந்த வாசலைப் பயன்படுத்திக்கொள்வதற்குத்தான் இந்தப் பாட்டில். 2018-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வு ஒன்றும் இதையே காட்டியது: ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒரே ஸ்டீராய்டை ஸ்ப்ரேயாகக் கொடுப்பதைவிட, 240 மி.லி. நீரில் கலந்து கழுவக் கொடுத்ததில் பலன் கூடுதல். அங்கே பயன்படுத்தியது மொமெட்டாசோன். இங்கே நமக்குச் சுலபமாக, ரெஸ்ப்யூலாகக் கிடைப்பது புடிசோனைட்.

பாட்டில்

வாங்க வேண்டியது 240 மி.லி. பிழியும் பாட்டில். மூடியோடு ஒரு குழாய் அடிவரை இறங்கியிருக்கும். மூக்கில் வைக்கும் முனை உருண்டையாக, மெத்தென்று இருக்கும். பார்க்க வேண்டியது மூன்று. பாட்டில் ஒரு கையால் லேசாகப் பிழிந்தால் அமுங்க வேண்டும். முனை மூக்குத் துளையை நிறைத்து உட்கார வேண்டும், குத்திக்கொண்டு உள்ளே போகக்கூடாது. குழாய் மூடியிலிருந்து கழன்று விழக்கூடாது. மலிவாக வரும் நகல்களில் பிளாஸ்டிக் கெட்டியாக இருக்கும். அதை இரண்டு கையாலும் அழுத்தும்போது நீர் பீய்ச்சியடித்து, காது அடைத்துக்கொள்ளும். குழாய் கழன்றால் வெறும் காற்று வரும். இந்த இரண்டையும் கடையிலேயே மூடியைத் திறந்து பார்த்துச் சரிபார்க்கலாம்.

யோகா மையங்களில் கிடைக்கும் நேத்தி செம்பு சளியைக் கழுவப் போதும். மருந்தை மேலே உள்ள அறைகளுக்கு ஏற்ற அதற்கு வேகம் பற்றாது. 20 மி.லி. சிரிஞ்சில் பத்துமுறை அடிப்பவர்கள் உண்டு; ஊசியைக் கழற்றிவிட்ட சிரிஞ்சின் முனை மெல்லியது, ஆறாத இடத்தில் இடித்து ரத்தம் வரவழைக்கும். கேனில் வரும் உப்புநீர் ஸ்ப்ரே முதல் சில நாள் பொருக்கை ஈரமாக வைக்க அருமையானது, ஆனால் அது கழுவுவதாகாது.

பாட்டிலுக்கு ஆயுள் மூன்று மாதம். ஒவ்வொரு முறையும் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டுக் குலுக்கி, அந்தச் சோப்புநீரைக் குழாய் வழியாகவும் பிழிந்து வெளியேற்றி, காய்ச்சிய நீரில் அலசி, மூடியைக் கழற்றிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு மூடி குளியலறை அலமாரியில் வைத்தால் கிருமி வளர்க்கிற பண்ணை ஆகிவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு திரும்பத் திரும்பப் பச்சைச் சளி வந்தால், மருந்தைச் சந்தேகிப்பதற்கு முன் பாட்டிலின் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வீட்டில் இரண்டு பேர் ஒரே பாட்டிலைப் பகிர்வது கூடவே கூடாது.

தண்ணீர்

எல்லாச் சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக்கூடாது. மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீராக இருந்தாலும் சரி, போர் தண்ணீராக இருந்தாலும் சரி. ஆர்.ஓ. மெஷின் தண்ணீரும் 20 லிட்டர் கேன் தண்ணீரும் குடிப்பதற்குத்தான். வயிற்றில் அமிலம் கொன்றுவிடுகிற கிருமிக்கு மூக்கில் காவல் இல்லை. கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் மூளையைத் தாக்கிய அமீபா நோயைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அந்த அமீபா குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாகப் போனால்தான் ஆபத்து.

தளதளவென்று கொதி வந்தபிறகு ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஏற்காட்டில் இருப்பவர்கள் ‘மலையில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறதே, கிருமி சாகுமா’ என்று கேட்பது நியாயமான கேள்வி. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனாலும் 2,000 மீட்டர் வரை ஒரு நிமிடக் கொதி போதுமானது; அதற்கு மேல் போனால்தான் மூன்று நிமிடம். சந்தேகம் தீர மூன்று நிமிடமே கொதிக்க விட்டாலும் கேஸ்தான் கொஞ்சம் செலவு. காய்ச்சியதை மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

உப்புக்கு மூன்று வழி. ஒன்று, பாட்டிலோடு வரும் பாக்கெட். உப்பும் சோடா உப்பும் அளந்து வைத்தது, 240 மி.லி.க்கு ஒன்று. எரியாது, யோசிக்க வேண்டியதில்லை, விலை கூடுதல். இரண்டாவது, வீட்டில் கலப்பது. ஒரு லிட்டருக்கு அயோடின் சேர்க்காத சுத்தமான உப்பு 9 கிராம், அதாவது 240 மி.லி.க்கு 2 கிராமுக்குச் சற்று மேல். தலைதட்டிய டீஸ்பூனில் பாதிக்கும் குறைவு. கூட ஒரு சிட்டிகை சமையல் சோடா. அயோடின் சேர்த்த தூள் உப்பு எரிச்சல் தரும். கல் உப்பில் மண் இருக்கும். போர் தண்ணீர் ஏற்கெனவே உப்புக் கரிக்கிற வீட்டில் இந்த அளவே தப்பாகிவிடும், ஏனென்றால் காய்ச்சினால் கிருமி போகும், உப்பு போகாது.

மூன்றாவது வழியைப் பலர் யோசிப்பதில்லை. எந்த மெடிக்கலிலும் கிடைக்கிற 0.9% நார்மல் சலைன், 500 மி.லி. ட்ரிப் பாட்டில். கிருமி நீக்கியது, அளவு துல்லியம், காய்ச்ச வேண்டாம். காலை 240, இரவு 240. ஒரு பாட்டில் அன்றைக்கே தீர்ந்துவிடும். மீதியை மறுநாளுக்கு வைக்கக்கூடாது. சோடா உப்பு இல்லாததால் சிலருக்கு லேசாகச் சுரீரென்கும். கடையில் அவசரத்தில் டி.என்.எஸ். என்கிற குளுகோஸ் கலந்த சலைனைக் கொடுத்துவிடுவது நடக்கிற தவறு; பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆறாத சைனஸுக்குள் சர்க்கரைத் தண்ணீர் விடுவதற்கு யாரும் ஆபரேஷன் செய்துகொள்வதில்லை. லேபிளில் சோடியம் குளோரைடு 0.9% மட்டும் இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

நீர் எதுவானாலும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், மணிக்கட்டில் விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. மார்கழிக் காலையில் ஏற்காட்டில் அறைச் சூட்டில் இருக்கிற தண்ணீரே ஐஸ் மாதிரி இருக்கும். அதைப் பிழிந்தால் நெற்றி விண்ணென்று தெறிக்கும். சலைன் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் நிறுத்திவைத்தால் போதும்.

ரெஸ்ப்யூல்

புடிசோனைட் ரெஸ்ப்யூல் 2 மி.லி. குப்பி. 0.25, 0.5, 1 மி.கி. என்று மூன்று பலத்தில் வருகிறது. கழுவுவதற்கு வழக்கமாக எழுதுவது 0.5 அல்லது 1 மி.கி., ஒரு முழு பாட்டிலுக்கு ஒரு குப்பி, தினம் ஒருமுறையோ இருமுறையோ. சீட்டில் ‘புடிகார்ட்’ என்று பிராண்ட் பெயர் மட்டும் எழுதியிருந்து பலம் எழுதாவிட்டால் கடைக்காரர் இருப்பதைக் கொடுப்பார்; குழந்தைகளுக்கான 0.25 வந்தால் பாதி மருந்தோ கால்வாசியோதான் உள்ளே போகும்.

இந்த மருந்து தயாரானது ஆஸ்துமாவுக்கு, நெபுலைசரில் போட. அதனால் கடையில் ‘நெபுலைசர் இருக்குங்களா?’ என்று கேட்பார்கள். உள்ளே இருக்கும் தாளைப் படித்தாலும் மூக்கு கழுவுவதைப் பற்றி ஒரு வரி இருக்காது. பயந்துவிட வேண்டாம், மூக்குக்கு இதைக் கொடுப்பது உலகம் முழுக்க நிபுணர்களிடம் ஊறிப்போன வழக்கம். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும். கவனம் வேண்டியது வேறு இடத்தில்: ஃபார்மோடிரால் சேர்ந்த புடிசோனைட் ரெஸ்ப்யூலும், சால்புடமால் வகை ரெஸ்ப்யூலும் அதே உருவத்தில் வருகின்றன. அவை மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகள். மூக்கில் விட்டால் படபடப்பு, கைநடுக்கம் வரலாம், சைனஸுக்கு ஒரு பலனும் இல்லை. குப்பியில் புடிசோனைட் என்ற ஒரே பெயர் இருக்க வேண்டும்.

இது கரைசல் அல்ல, கலங்கல். நின்றால் மருந்து அடியில் படியும். குப்பியைத் திருகித் திறப்பதற்கு முன் பத்து தடவை குலுக்குங்கள். பாட்டிலில் நீர் வெதுவெதுப்புக்கு ஆறிய பிறகே மருந்தை ஊற்ற வேண்டும். ஊற்றியதும் லேசாகப் பால் கலந்தது போல இருக்கும், அது சரி. கலந்தால் உடனே பயன்படுத்த வேண்டும். ‘காலையில் பாதி, இரவில் பாதி’ என்ற சிக்கனம் வேண்டாம். ஃபாயில் உறையில் இருக்கும் குப்பிகளை வெளிச்சத்தில் போடாதீர்கள், ஃப்ரீஸரில் வைக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். சித்திரை வெயிலில் தகர ஷீட் போட்ட வீட்டின் அலமாரி 40 டிகிரியைத் தொடும். 30-க்குள் வைக்கச் சொல்கிற மருந்துக்கு அது ஆகாது. மண்பானைக்குப் பக்கத்து மூலை எவ்வளவோ மேல்.

இவ்வளவு ஸ்டீராய்டை மூக்கில் விடலாமா என்றால், பெரும்பகுதி கழுவும்போதே வாஷ்பேசினில் போய்விடுகிறது. மூக்கில் தங்குவது நூற்றில் சில பங்குதான். அதனால்தான் மாத்திரையைவிட உடம்புக்குப் பாரம் குறைவு. இதற்கு இரண்டு விதிவிலக்கு. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர், மூக்குக்கு ஸ்ப்ரே, மேலே இந்தக் கழுவல் என்று மூன்றும் சேர்ந்தால் கூட்டுத்தொகை ஏறி, உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசால் குறையலாம். எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். அடுத்தது, சதையோடு பூஞ்சையும் இருந்து இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை எழுதியிருந்தால். அந்த மருந்து புடிசோனைடும் ஃப்ளூட்டிகாசோனும் உடம்பில் சிதைவதைத் தடுத்துவிடும். கொஞ்சமாக உள்ளே போனதும் தேங்கும். முகம் உப்புவது, பிட்டத்திலும் தொடையிலும் தளர்ச்சி, காரணமில்லாமல் சர்க்கரை ஏறுவது தெரிந்தால் சொல்லியாக வேண்டும். இட்ராகோனசோலை ஒரு டாக்டரும் இன்ஹேலரை இன்னொரு டாக்டரும் எழுதியிருக்கும்போது இதைக் கவனிக்க ஆள் இல்லாமல் போகிறது.

கழுவுகிற விதம்

மூக்கில் வைத்த பஞ்சை எடுத்து, டாக்டர் சொன்ன பிறகுதான் தொடங்க வேண்டும். சிலர் மறுநாளே சொல்வார்கள், சிலர் ஒரு வாரம் கழித்து. பொருக்கு கெட்டியாக இருக்கும் முதல் வாரங்களில் மருந்தை முதலில் விட்டால் அது பொருக்கின் மேல் படிந்து வெளியே வந்துவிடும். அதனால் முதலில் மருந்தில்லாத உப்புநீரில் ஒரு கழுவு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மருந்துக் கழுவு. இரண்டு வேலையாகத் தெரியும். காசு கொடுத்து வாங்கிய ரெஸ்ப்யூல் வீணாவதைவிட இது மேல்.

வாஷ்பேசின் முன் நின்று முன்னால் குனியுங்கள். வாயைத் திறந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, ‘க்…க்…’ என்று தொண்டையில் இழுத்தபடி இருந்தால் அண்ணம் மேலேறி நீர் தொண்டைக்கு வராது. ஒரு பக்கம் 120 மி.லி., மறுபக்கம் 120 மி.லி. முனையை நடுத்தண்டை நோக்கி அல்ல, அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளிக்கோடியை நோக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பிழிந்த கையைத் தளர்த்துவதற்கு முன்பே முனையை மூக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். தளர்த்திவிட்டு எடுத்தால் பாட்டில் மூக்குச் சளியை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். நடுவில் எச்சில் விழுங்கினால் காது அடைக்கும்.

கன்னத்துச் சைனஸுக்கும் கண்ணுக்கு இடைப்பட்டவற்றுக்கும் இந்தக் குனிதல் போதும். நெற்றிச் சைனஸைத் திறந்திருந்தால், உச்சந்தலை தரையைப் பார்க்கும்படி முழுக்கக் கவிழ வேண்டும். வாஷ்பேசினில் அது வராது, குளியலறையில் முழங்காலிட்டுத்தான் முடியும். டிஸ்சார்ஜ் சீட்டில் எந்த அறைகளைத் திறந்தார்கள் என்று இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். கழுத்து வலி, ரத்த அழுத்தம், தலைசுற்றல் உள்ளவர்கள் இதற்குப் பதில், அதிக நீர் இல்லாமல் மருந்தைச் சொட்டாக விடும் முறை உண்டா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

முடிந்ததும் மூக்கைச் சிந்தாதீர்கள். முதல் இரண்டு வாரத்துக்காவது சிந்துவதே கூடாது, தும்மினால் வாய் திறந்து தும்ம வேண்டும். குனிந்தபடியே தலையை இருபக்கமும் சாய்த்து வடிய விடுங்கள். பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் தொண்டையில் வெள்ளைப்படலம் பிடிக்காது. இரவுக் கழுவலைப் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தலையணையில் வடியும், நள்ளிரவில் இருமல் எழுப்பும்.

அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் தறிக்கூடத்தில் வேலை செய்பவர்களும், செவ்வாய்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் பாலிஷ் போடுபவர்களும் மாலையில் வேலை முடிந்ததும் ஒரு வெறும் உப்புநீர்க் கழுவலைக் கூட்டிக்கொள்வது நல்லது. பஞ்சுத் தூசியும் அமில நெடியும் ஏறிய மூக்கில் இரவு மருந்து ஒட்டாது. வீட்டில் சாம்பிராணி போடுவதையும் ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள், அம்மன் கோபிக்க மாட்டாள்.

ஸ்ப்ரே

மொமெட்டாசோன் ஒரு அடிப்புக்கு 50 மைக்ரோகிராம், ஃப்ளூட்டிகாசோன் புரோப்பியனேட்டும் அப்படியே, ஃப்ளூட்டிகாசோன் ஃபியூரோயேட் 27.5. மூன்றிலும் உடம்புக்குள் சேருவது மிகக் குறைவு. பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆகவே பிராண்டுக்காகக் கடை கடையாக அலைய வேண்டாம். ஃப்ளூட்டிகாசோன் புரோப்பியனேட் ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் ஒரு ரோஜா வாசனை இருக்கும். அது தும்மல் வரவழைக்கிறது என்பவர்கள் மற்ற இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்கலாம்.

முதல் மூன்று நான்கு வாரம் பொருக்கும் வீக்கமும் இருக்கும்போது ஸ்ப்ரே முன்வாசலைத் தாண்டாது. உள்ளே ஆறிய பிறகு, தினமும் ரெஸ்ப்யூல் கழுவ முடியாதவர்களுக்கு நீண்டகாலத் துணை இதுதான். சிலருக்கு இரண்டும் எழுதுவார்கள். அப்படியானால் கழுவி, வடியவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து ஸ்ப்ரே. வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு. அப்படிப் பிடித்தால் முனை தானாகவே வெளிப்பக்கம் திரும்பும். அதே பக்கத்துக் கையால் அடித்தால் மருந்து நேராக நடுத்தண்டில் விழுந்து, கொஞ்ச நாளில் அங்கே புண்ணாகி ரத்தம் கசியும். ‘ஸ்ப்ரே அடித்தால் மூக்கில் ரத்தம் வருகிறது’ என்ற புகாரில் பெரும்பாலானது கை மாற்றிப் பிடித்தால் தீர்கிற விஷயம். சர்ரென்று உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கும். பூ முகர்வது போல உறிஞ்சினால் போதும்.

பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே ‘இது வேலைக்காகாது’ என்று ஓட்ரிவின் பக்கம் போகிறவர்கள்தான் அதிகம். ஓட்ரிவின் ஸ்டீராய்டு அல்ல. ரத்தக்குழாயைச் சுருக்கி ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறக்கும். ஐந்து நாளுக்கு மேல் போனால் அதுவே மூக்கடைப்பை உண்டாக்கும்.

மாத்திரை

ஓம்னகார்டில், வைசலோன் என்று வருவது பிரெட்னிசலோன். மெட்ரால் என்பது மெத்தில்பிரெட்னிசலோன். பிரெட்னிசலோன் 5 மி.கி. = மெத்தில்பிரெட்னிசலோன் 4 = டிஃப்லசகார்ட் 6. ‘அது 16 தான், இது 20, அப்போ இது ஜாஸ்தி’ என்று கணக்குப் போடாதீர்கள், இரண்டும் ஒன்றே. கடையில் ஒன்று இல்லை என்று மற்றொன்றை அதே எண்ணில் மாற்றிக் கொடுத்தால்தான் அளவு தவறும்.

சதை அதிகம் இருந்தவர்களுக்கு வழக்கமாகக் கிலோவுக்கு அரை மி.கி. கணக்கில், அதாவது 60 கிலோ ஆளுக்கு 30 மி.கி., ஒன்றிரண்டு வாரம் கொடுத்துக் குறைப்பார்கள். பூஞ்சை அலர்ஜி இருந்தால் அதைவிட நீளும். காலை டிபனுக்குப் பின் ஒரே வேளையில் போட வேண்டும். மாலையில் போட்டால் இரவு கண் மூடாது. வலிக்கு பாராசிட்டமால் தவிர வேறு வலிமாத்திரையைத் தானாகச் சேர்த்தால் வயிற்றுப்புண்ணுக்கு அழைப்பு. மூக்கில் சதையும் ஆஸ்துமாவும் சேர்ந்து இருப்பவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின் வகை மாத்திரையே மூச்சுத்திணறலைக் கொண்டுவரும் என்பதையும் மறக்க வேண்டாம். மூன்று வாரத்துக்கு மேல் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். முன்பு கண் அழுத்தம், எலும்புத் தேய்மானம், காசநோய் இருந்திருந்தால் முதல் மாத்திரைக்கு முன் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரைக்காரர்கள் கவனிக்க. காலையில் போட்ட பிரெட்னிசலோன் சர்க்கரையை ஏற்றுவது மதியத்துக்குப் பிறகு, மாலை வரை. மறுநாள் வெறும்வயிற்றில் பார்த்தால் எண் நன்றாகவே இருக்கும். லேபில் ‘ஃபாஸ்டிங்’ மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடாமல் மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவு உணவுக்கு முன்பும் பாருங்கள். மல்கோவா சீசனில் இந்தக் கோர்ஸ் விழுந்தால் கஷ்டம்தான், என்ன செய்வது. 2021-இல் கோவிட்டோடு வந்த கரும்பூஞ்சை, கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பைத்தான் அதிகம் பிடித்தது. அந்த மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. கன்னம் மரத்துப்போவது, மூக்கில் கறுத்த பொருக்கு, கண்ணைச் சுற்றி வீக்கம் தெரிந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

மாத்திரை போடுகிற வாரம் காபி மணம் மூக்கில் ஏறும், பலருக்கு வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாக. அதைப் பார்த்து ‘மாத்திரைதான் சரி, கழுவல் எதற்கு’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மாத்திரை நின்றதும் மணமும் மெல்ல இறங்கும். அதை நிறுத்திப் பிடிக்கத்தான் கழுவல். மாத்திரை கேட்டு மறுபடி மறுபடி கடைக்குப் போவதுதான் உடம்பைக் கெடுக்கிறது.

பெட்டாமெத்தசோன் சொட்டு, உதாரணமாக பெட்னசால், கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் என்று கிடைக்கும். உடம்பில் நன்றாக ஏறிவிடும், அதனால் மாதக்கணக்கில் கூடாது. டாக்டர் ஒரு குறுகிய காலத்துக்கு எழுதினால் சரி, அவ்வளவுதான்.

மலையில் இருப்பவர்களுக்கு

ஏற்காட்டு டவுனில் ரெஸ்ப்யூல் எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது. நாகலூர், வேலக்கடை, மஞ்சக்குட்டை பக்கம் இன்னும் கஷ்டம். சேலத்தில் இறங்கும்போதே ஒரு மாதத்துக்கு, அதாவது தினம் ஒன்று என்றால் 30 குப்பி, வாங்கிக்கொள்வது உத்தமம். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் பிராண்ட் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், விலை நன்றாகக் குறையும்.

டிஸ்சார்ஜ் ஆன அன்றே 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வீட்டுக்குப் போவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அடிவாரத்துக்கும் மேலுக்கும் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். உள்ளே வீங்கியிருக்கும் மூக்கோடு ஏறினால் காதும் நெற்றியும் இறுகும். வழியில் அடிக்கடி விழுங்குங்கள், மிட்டாய் சப்புங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு காற்றை ஊதிக் காதைத் திறக்கும் பழக்கம் இப்போது வேண்டாம். கண்ணுக்கும் சைனஸுக்கும் நடுவில் இருக்கிற எலும்பு காகிதம் போன்றது, ஆபரேஷன் ஆன இடத்தில் காற்று கண்ணைச் சுற்றிப் புகுந்து வீங்கும்.

தூரத்தைக் காரணம் காட்டி, முதல் வாரம் டாக்டரிடம் போய் மூக்கைச் சுத்தம் செய்துகொள்வதைத் தவறவிடுவது மலைக்காரர்கள் செய்கிற பெரிய தவறு. எண்டோஸ்கோப் வைத்துப் பொருக்கை எடுக்காவிட்டால் இரண்டு சுவரும் ஒட்டி வளர்ந்துவிடும். அதை எந்த ஸ்டீராய்டும் பிரிக்காது.

கழுவும்போது முதல் ஒன்றிரண்டு வாரம் இளஞ்சிவப்பாக வந்தால் பயமில்லை. பத்து நிமிடம் மூக்கை அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், குனிந்தால் ஒரு பக்கம் மட்டும் சொட்டும் தண்ணீர் போன்ற திரவம், இரட்டையாகத் தெரியும் பார்வை, கண் பிதுங்குவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் செய்த இடம் எட்டவில்லை என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். கழுவிய நீர் ஒரு மணி நேரம் கழித்துத் திடீரென்று மூக்கில் வடிவது வேறு. அது தேங்கி நின்ற உப்புநீர், சொட்டி முடிந்தால் நின்றுவிடும். நிற்காமல் சொட்டிக்கொண்டே இருப்பதுதான் காட்ட வேண்டியது.

ரெஸ்ப்யூல் கழுவல் எவ்வளவு நாள்? குறைந்தது மூன்று மாதம் செய்துவிட்டு, எண்டோஸ்கோப்பில் பார்த்தபின் டாக்டர் முடிவு செய்வார். சதையும் ஆஸ்துமாவும் சேர்ந்தவர்களுக்கு அது வருடங்களாகலாம். அப்போது தினம் ஒருமுறை, பின்பு ஒன்றுவிட்டு ஒருநாள் என்று இறங்கும். மூன்றாம் மாதம் செக்கப்புக்குப் போகும்போது பாட்டிலையும் கையோடு எடுத்துப்போய், எப்படிக் குனிகிறீர்கள் என்று செய்து காட்டுங்கள். பாட்டிலை மாற்றவும் அதுதான் சமயம்.